பார்ட்லி கவுண்டி மக்களின் சொத்து

நோர்மா சாபோ மேசைக்கு அடியில் இருக்கிறார். வெளியே தெரிவது சேறு அப்பிய இரண்டு காலணிகளும் பச்சைக் கோட்டின் ஓரமும்தான். மேசை முழங்கால் உயரம். அதைச் சுற்றி ஆப்பிள் துண்டு தின்றுகொண்டிருக்கும் நான்கு வயதுக்காரர்கள், இதெல்லாம் வழக்கமாக நடக்கிறதுதானே என்ற முகத்தோடு கால்களை மடக்கி அவருக்கு வழி விடுகிறார்கள். உள்ளே டார்ச் வெளிச்சம் இங்குமங்கும் ஓடுகிறது.

"இவன் இருக்கான். இவனும் இருக்கான். ஏய், இவனுக்குக் கால் ஆடுதே! திருகு கழண்டு ரொம்ப நாளாச்சு போலிருக்கு. ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

இவன் என்பது நாற்காலி. நோர்மாவுக்கு நாற்காலி, அலமாரி, மணல் தொட்டி எல்லாமே 'இவன்'தான். மனிதர்களுக்கு அந்த உரிமையைச் சுலபத்தில் தரமாட்டார்.

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து மற்ற இடங்களைப் போலவே, எதற்கெடுத்தாலும் ஒரு தனி வரி உண்டு. வீட்டுக்காரர்கள் கட்டுவதில் ஒரு துளி நூலகத்துக்கு, ஒரு துளி முதியோருக்கு, ஒரு துளி பள்ளி வயது வராத பிள்ளைகளுக்கு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஓட்டுப் போட்டுச் சரி என்றால்தான் அந்தந்த வரிக்கு மறு உயிர். பிள்ளைகள் வரி எந்தெந்தப் பாலர் பள்ளிக்குப் போகிறது, போய் என்னவாக ஆகிறது என்று பார்த்துச் சொல்வது நோர்மாவின் உத்தியோகம். அலுவலகத்தில் நான் பக்கத்து மேசை. வந்த ரசீதுகளைக் கூட்டிக் கழிப்பது என் வேலை. அதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை.

"ரசீதை எவன் வேணும்னாலும் அடிச்சுக் குடுப்பான் கண்ணு. நாற்காலியை அடிச்சுக் குடுக்கச் சொல்லு, பாக்கலாம்."

அதனால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். புதுக் கம்பளம் வாங்கினோம் என்று கணக்கு வந்தால் மண்டியிட்டு அதன் ஓரத்தைப் புரட்டி அடிப்பக்கத்தைத் தடவுவார். சுவருக்கு வண்ணம் அடித்த செலவு வந்தால் அலமாரியை நகர்த்தச் சொல்வார். சோம்பேறிப் பெயிண்டர் அலமாரிக்குப் பின்னால் அடிக்கமாட்டான் என்பது அவர் கட்சி. பால் டப்பாவை மோந்து பார்ப்பார். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று விரலை நீட்டிக்கொண்டு நிற்பார். ஆசிரியைகள் கொண்டுவரும் காபியை மட்டும் தொடமாட்டார். "அதுவும் ஊர்க்காசு" என்று தன் பிளாஸ்க்கைத் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குள் நுழைந்துவிடுவார்.

வயது அறுபதை நெருங்குகிறது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டே பிறந்தவர். அவர் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் கார். அங்கேயும் சிவப்பு விளக்கில் நின்றால் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டு எதிரே உள்ள கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படிப்பார். மதியச் சாப்பாடு அந்தப் பழைய ப்யூக் காரின் டிக்கியைத் திறந்து வைத்து, நின்றபடியே. வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸும் நூடுல்ஸும், ஆறிப்போனது, டப்பாவிலிருந்தே. வாரத்தில் நான்கு நாள் அதேதான். ருசி பார்த்துச் சாப்பிட நேரமில்லாதவருக்கு எது இருந்தால் என்ன?

வீட்டுக்குப் போன பிறகும் விடமாட்டார். நான் அடுப்பில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருக்கும்போது போன் வரும்.

"பசை ஒரு பாட்டில் என்ன விலை இருக்கும்? சின்னப் பாட்டில்."

"நோர்மா, மணி ஏழு."

"மணி கேக்கலை கண்ணு. பசை கேட்டேன்."

இத்தனை பதற்றத்துக்கும் காரணம் ஒரு காபி மெஷின். முன்பு எங்கள் நூலக வரியில் வாங்கிய காபி மெஷின் ஒன்று நூலகத் தலைவியின் வீட்டுச் சமையலறையில் இருந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போன யாரோ பார்த்துவிட்டார்கள். பழுது பார்க்க எடுத்து வந்தேன் என்று அந்த அம்மாள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். யார் கேட்டார்கள்? அதற்குப் பிறகு நூலக வரி ஓட்டுக்கு வரும்போதெல்லாம் தோற்கிறது. நூலகம் இப்போது வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. "ஒரு காபி மெஷின்! ஒரே ஒரு காபி மெஷின்!" என்று நோர்மா சொல்லும்போது, மற்றவர்கள் ஒரு போரைப் பற்றிச் சொல்கிற குரல் இருக்கும்.

இந்த வருடம் மே மாதம் பிள்ளைகள் வரிக்கு ஓட்டு. வரி தோற்றால் கோடைக்குப் பிறகு கவுண்டியில் பாதிப் பாலர் பள்ளிகள் கதவைத் திறக்காது. நோர்மா எப்போதும் முதலில் போய் நிற்பது டார்சி என்ற ஆசிரியையின் பள்ளி. அதுதான் முதலில் மூடும்.

இங்கே நோர்மாவின் அண்ணன் எமெரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அது மூடியபோது வெளியே வந்தவர். தங்கை வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தங்கை வாசலில் 'பிள்ளைகளுக்கு ஓட்டு' என்று பலகை நட்டால் அண்ணன் வாசலில் 'போதும் வரி' என்று அதைவிடப் பெரிய பலகை. ஆனாலும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயில் கூடத்தில் மீன் வறுவல் சாப்பிட இருவரும் ஒரே மேசைக்குத்தான் வருவார்கள். சென்ற வருடம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நானும் கூட இருந்தேன். எமெரி உட்கார்ந்து சாப்பிட்டார். நோர்மா தட்டைக் கையில் ஏந்தி அவர் தலைக்கு மேல் நின்றார்.

"மாசம் ஒரு பீட்சா விலை. அவ்வளவுதான் எமெரி. அதுக்கு இவ்வளவு மூக்கால அழறே."

"அந்தப் பீட்சாவை நானே தின்னுக்கறேன் தங்கச்சி. பென்ஷன் நின்ன இடத்துலயே நிக்குது. வீட்டு வரி மட்டும் மாடிப்படி ஏறிக்கிட்டே போவுது. என் பிள்ளைங்க வளந்து டெக்ஸஸ் போயாச்சு. யார் வீட்டுப் புள்ளைக்கோ நான் ஏன் குடுக்கணும்?"

"உன் புள்ளைங்களுக்கு யாரு குடுத்தா?"

"எவளோ ஒரு குமாஸ்தாவுக்குப் புது சோபா வாங்கறதுக்குத்தான் என் காசு போவுதுன்னு நான் சொல்றேன். இல்லைன்னா காட்டு. என் கண்ணால பாக்கணும். காட்டு!"

வேறு யாராயிருந்தாலும் சிரித்துவிட்டு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டிருப்பார்கள். நோர்மா அந்தக் 'காட்டு' என்ற சொல்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரும்போதே திட்டம் தயார். பிள்ளைகள் வரியில் வாங்கிய ஒவ்வொரு சாமானிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவது. மேலே 'பார்ட்லி கவுண்டி மக்களின் சொத்து' என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு எண். அடியில், முதுகில் என்று ஒளித்து ஒட்டக் கூடாது. கண்ணில் அறைய வேண்டும்.

"எமெரி கண்ணாடி போடாமலே படிப்பான், பாரு" என்றார். கோடைக்காலம் முழுக்க அவரே பள்ளி பள்ளியாகப் போய் ஒட்டினார். அந்த மூன்று மாதங்கள் அவரை நான் சந்தோஷமாகப் பார்த்தேன். சீட்டு ஒட்டிய நாற்காலியைப் பார்த்து மனுஷிக்கு அப்படி ஒரு பூரிப்பு.

எங்கள் அலுவலகத்தில் படித்தவர்கள் பத்துப் பேர் இருக்கிறோம். ஒருவருக்கும் தோன்றாத விஷயம், மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் உடனே தோன்றியிருக்கும். அந்தக் கட்டடங்களில் எல்லாமே முழங்கால் உயரம். நோர்மா கண்ணில் படுகிற இடம் என்று தேடித் தேடி ஒட்டியதெல்லாம் பிள்ளைகளின் மூக்குக்கு நேரே. பளபளவென்று மஞ்சள், ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும் பசை. உரிக்காமல் விடுமா பிள்ளை?

பிப்ரவரியில் மாநிலத் தலைநகரிலிருந்து வெளித் தணிக்கையாளர் வந்தார். டை கட்டிய இளைஞர், மரியாதையானவர். பாதி நாற்காலிகள் மொட்டையாக நின்றன. எண் இல்லாத நாற்காலி அவர் கணக்கில் நாற்காலியே இல்லை.

"இது எங்கேருந்து வேணும்னாலும் வந்திருக்கலாமே, மேடம்?"

"எங்கேருந்தும் வரலை தம்பி. நான்தான் ஒட்டினேன். இந்தக் கையால ஒட்டினேன்."

"அப்ப சீட்டு எங்கே?"

நோர்மா மண்டியிட்டு நாற்காலியைத் தடவிப் பார்த்தார். பசைத் தடம் மட்டும்தான் இருந்தது. அந்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகை 'பிள்ளைகள் வரி: பாதிச் சாமான் எங்கே?' என்று போட்டது. எமெரி அதைப் பெரிதாக நகலெடுத்துத் தன் வாசல் பலகையின் மேல் ஒட்டினார். ஏப்ரல் கடைசியில், ஓட்டுக்கு முந்திய பொதுக்கூட்டத்தில், எது எது அடையாளம் காணப்படவில்லை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் படிக்க வேண்டும் என்பது விதி. படிக்க வேண்டியவர் நோர்மா.

ஆணையர் டென்னிஸ் நல்ல மனிதர். வழியும் சுலபமாகச் சொன்னார். "புதுசா அச்சடிச்சு ஒட்டிடுங்க நோர்மா. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"அதே நம்பர்தானே!"

"காணாமப் போச்சுன்னு பத்திரிகைல வந்தப்புறம் புதுசா அச்சடிச்சா அதுக்குப் பேரு என்ன டென்னிஸ்? எமெரி கேப்பான். கேக்கணும். நானா இருந்தாலும் கேப்பேன். அதே சீட்டு, அதே நாற்காலி. நான் கொண்டாறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் கூடவே போனேன். வீடுகளுக்குப் போனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. டார்சியும் மற்ற ஆசிரியைகளும் யார் யார் சட்டையில் மஞ்சளைப் பார்த்தோம் என்று யோசித்து யோசித்துச் சொன்னார்கள். பனி உருகித் தெருவெல்லாம் சேறாகிக் கிடந்த மாதத்தில் நாங்கள் வீடு வீடாகப் படி ஏறி, "உங்க பையன் ஒரு சீட்டு கொண்டாந்தானா?" என்று கேட்டோம்.

கிடைத்தன. ஒரு வீட்டில் கட்டில் தலைமாட்டில் வரிசையாக ஐந்து. ஒரு வீட்டில் நாயின் முதுகில். நாய் சுலபத்தில் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ஒரு தாத்தாவின் ஆக்சிஜன் உருளையில் ஒன்று. அவர் அதைத் தடவிக் காட்டி, "ஊர்ச் சொத்தா? நல்லது. கரண்ட் பில்லையும் ஊரே கட்டட்டும்" என்று இருமிக்கொண்டே சிரித்தார். நோர்மா ஒவ்வொரு சீட்டையும் மெழுகுத்தாளில் வைத்து, அன்றே பள்ளிக்கு ஓடி, எண்ணைப் பார்த்து, உரிய நாற்காலியின் அடிப்பக்கத்தில் ஒட்டி, மேலே அகலமான டேப்பை இழுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பள்ளிகளில் ராணி மாதிரி நடமாடுகிறவருக்கு அந்த வீடுகளில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கே அவர் சரிபார்க்க வேண்டியது எதுவுமில்லை. ஒரு வீட்டில் சீட்டு பிரிட்ஜ் கதவில் இருந்தது. உரிப்பதற்காகக் கதவைப் பிடித்தவர் பழக்கதோஷத்தில் திறந்து பாலைத் தேடிவிட்டார். பால் இல்லை. பால் மட்டுமா? கதவை மெல்லச் சாத்தினார். காரில் ஏறிய பிறகு வெகுதூரம் ஒரு கடைப் பலகையையும் படிக்கவில்லை. வருடக்கணக்காக நான் கூட்டிய தொகைகள் எல்லாம் பள்ளிக் கதவோடு நின்றுவிடுபவை. அந்தப் பிள்ளைகள் மாலையில் எங்கே போகிறார்கள் என்று என் கணக்கில் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டம் வியாழக்கிழமை மாலை. அன்று மதியம் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. டார்சியின் பள்ளியில் கதை கேட்கும் மூலையில் இருக்கும் சின்ன ஆடும் நாற்காலி.

"கோல்பி மல்லின்ஸ்கிட்ட பாத்தேன், போன வாரம்" என்றார் டார்சி. "நெஞ்சுல ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சான். அப்புறம் காய்ச்சல்னு வரலை."

"ஒண்ணுதானே, விட்டுடலாமே?" என்றேன் காரில்.

"காபி மெஷினும் ஒண்ணுதான்."

ஊர் எல்லையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வண்டியில் இழுத்துவந்த மலிவான டிரெய்லர் வீடுகள் வரிசையாக நிற்கும் இடம். மல்லின்ஸ் வீட்டுப் படியில் பிளாஸ்டிக் லாரி ஒன்று சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. நோர்மா கதவைத் தட்டினார். அவர் தட்டுவது போலீஸ்காரர் தட்டுவது போல இருக்கும். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். கதவைத் திறந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கிடங்கில் வேலை செய்கிறவர்கள் போடும் ஆரஞ்சு மேலங்கியோடே தூங்கியிருக்கிறான். எங்கள் கழுத்தில் தொங்கிய கவுண்டி அட்டைகளைப் பார்த்தான்.

"கோல்பி இருக்கானா?" என்றார் நோர்மா.

அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. அட்டை மாட்டிய இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்று பிள்ளை எங்கே என்று கேட்டால் இந்தக் கவுண்டியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சரியாக வளர்க்கவில்லை என்று பிள்ளையை எடுத்துப் போக வந்திருக்கிறார்கள். எனக்கு அது உறைப்பதற்குள் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"காய்ச்சல் மேடம். வெறும் காய்ச்சல்தான். மருந்து குடுத்தேன், பாட்டில் காட்டறேன் பாருங்க." உள்ளே ஓடினான். ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். போட்டது போட்டபடி கிடந்த துணிகளைக் காலால் ஒதுக்கினான். "நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் படுத்தேன். அவன் தனியா இல்லை, பக்கத்து வீட்டு அம்மா ராத்திரி வந்து படுத்துக்கறாங்க. அவங்களைக் கேளுங்க." பிரிட்ஜை அகலத் திறந்தான். "பால் இருக்கு பாருங்க. முட்டை இருக்கு. பாருங்க மேடம், இங்க வந்து பாருங்க!"

பிரிட்ஜுக்குள் எட்டிப் பார்ப்பதில் எங்கள் கவுண்டியிலேயே பேர்போன நோர்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, நிறுத்து. நாங்க அவங்க இல்லை. மூடு அதை. நாங்க அவங்க இல்லைப்பா."

அவனுக்குக் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அதற்குள் தகப்பனின் காலுக்குப் பின்னாலிருந்து கோல்பி வந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. டைனோசர் படம் போட்ட இரவுச் சட்டை. அதன் நெஞ்சில், நட்ட நடுவில், மஞ்சள் சீட்டு. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நூலும் தூசியும் ஒட்டியிருந்தது. பார்ட்லி கவுண்டி மக்களின் சொத்து.

தகப்பன் சட்டென்று குனிந்து அவனைத் தூக்கிக்கொண்டான்.

"அதைப் படிச்சேன்" என்றான். "அன்னைக்கு ஸ்கூல்லேருந்து வந்தப்பவே படிச்சேன். என்னடா இது, எழுதியே அனுப்பிட்டாங்களேன்னு... கழட்டினா விடமாட்டேங்கறான் மேடம். சட்டை மாத்தினா அதையும் மாத்தி ஒட்டிக்கறான். அதுக்காக இவனை..."

"ஐயோ, அது ஆடும் நாற்காலிப்பா!" என்றேன் நான். அபத்தமாகத்தான் இருந்தது. நோர்மா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். சீட்டு, நாற்காலி, தணிக்கை, மாலைக் கூட்டம், செவ்வாய்க்கிழமை ஓட்டு. நடுவில் எமெரியைக்கூட இழுத்தார். அவன் கேட்டுக்கொண்டே படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கோல்பியை மடியில் வைத்து அவன் தலையில் தன் முகத்தை அழுத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

"சீட்டுக்கா வந்தீங்க?" என்றான். "சீட்டுக்கா?" பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எடுத்துக்குங்க மேடம். தாராளமா எடுத்துக்குங்க. டேய், குடுத்துடு. ஸ்கூலோடதாம். அது இல்லைன்னா ஸ்கூலை மூடிடுவாங்களாம்."

கோல்பி இரண்டு கையாலும் சீட்டைப் பொத்திக்கொண்டான்.

"குடுடா கண்ணா. அவங்க திட்டு வாங்குவாங்க."

பையன் நோர்மாவைப் பார்த்தான். தகப்பனைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கைகளை இறக்கி, ஊசி போட்டுக்கொள்ள நிற்கிற பிள்ளை போல முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டான்.

நோர்மா படியின் ஈரத்தில் மண்டியிட்டார். நான் மெழுகுத்தாளைப் பிரித்து நீட்டினேன். அவர் நகம் அந்தத் தூக்கிய மூலைக்கு அடியில் நுழைந்தது. எடுத்துவிடுங்கள் நோர்மா என்று மனதுக்குள் கத்தினேன். ஒரு இழுப்பு போதும். இல்லாவிட்டால் இன்று மாலை ஊர் முழுக்கப் பார்க்க எழுந்து நின்று, 'ஆடும் நாற்காலி, ஒன்று, காணவில்லை' என்று இந்த மனுஷி தன் வாயால் படிக்க வேண்டும். எமெரி முன்வரிசையில் இருப்பார்.

நோர்மா நகத்தை வெளியே எடுத்தார். மூலையில் ஒட்டியிருந்த நூலை ஊதித் தள்ளினார். கட்டைவிரலை அதன் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். பிறகு மற்ற மூன்று மூலைகளையும், தபால்தலை ஒட்டுகிறவர் போல, ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்த்தார்.